பள்ளத்து ராஜாவும் என் தம்பியும்

என் தம்பியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் அவனுடைய பொறாமையிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். மற்றபடி தங்கமான பிள்ளை. யார் வீட்டில் குழாய் ஒழுகினாலும் கூப்பிடாமலே ஸ்பேனரோடு போய் நிற்பான். ஆனால் தனக்கென்று அவன் நினைத்துவிட்ட எதன்மேலும் இன்னொருவர் கண் படக்கூடாது. சின்ன வயதில் அம்மா எனக்குத் தலை பின்னும்போது தனக்கும் பின்னிவிடச் சொல்லி அழுவான். ஒட்ட வெட்டிய தலையில் என்னத்தைப் பின்னுவது? அம்மா சீப்பின் முதுகால் நாலு தடவு தடவி, “ஆச்சுடா, உனக்கும் பின்னியாச்சு” என்பாள். அப்புறம்தான் சாப்பிட வருவான்.

அவன் கல்யாணத்தில் படம் எடுத்தவர் பெண்ணைப் பார்த்து, “இன்னும் கொஞ்சம் சிரிங்கம்மா” என்றார். அவளும் சிரித்தாள். பக்கத்தில் நிற்கும் மாப்பிள்ளையின் முகம் போன போக்கை அந்தப் படத்தில் இன்றைக்கும் பார்க்கலாம். “காலையிலேருந்து நான் பக்கத்துல நிக்கறேன், எனக்குச் சிரிக்கல. வழியில போறவன் சொன்னதும் சிரிக்கறா” என்று அன்றைக்கே என்னிடம் வந்து முறையிட்டான். கல்யாண வீட்டில் நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு கடவுளுக்குத்தான் தெரியும்.

அவன் வேலை லிஃப்ட் பழுது பார்ப்பது. மீசை முளைக்கும் முன்னே எண்ணெய் டப்பா தூக்கிக்கொண்டு அந்தக் கம்பெனிக்குள் போனவன், இப்போது நகரத்தில் பாதிக் கட்டடங்களுக்கு அவன்தான் வைத்தியன். லிஃப்ட் மேலும் கீழும் ஓடுகிற அந்த இருட்டுக் கிணற்றுக்குள் இடுப்பில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு தொங்குவதால் கூட வேலை பார்க்கிறவர்கள் அவனுக்குத் தொங்கட்டான் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஊருக்கெல்லாம் லிஃப்டை ஓட்டிவிடும் இவன் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. மூன்றாவது மாடிக்கு மூச்சு வாங்கிக்கொண்டு படியேறித்தான் போகிறான். இரண்டாவது மாடியில் நான் இருக்கிறேன். வழியில் என் வீட்டு வாசலில் ஒரு நிமிஷம் நின்று தண்ணீர் குடித்துவிட்டுப் போவது வழக்கம்.

அவன் பெண்சாதி கோட்டு தைக்கும் கடை ஒன்றுக்கு வீட்டிலிருந்தே காஜா எடுத்துக் கொடுக்கிறாள். பித்தான் நுழைகிற துளையின் விளிம்பு பிரிந்துவிடாமல் நூலால் நெருக்கமாகச் சுற்றிக் கட்டுவதற்குத்தான் காஜா என்று பெயர். அவள் எடுத்த காஜாவைத் தடவிப் பார்த்தால் துணியிலேயே முளைத்த மாதிரி இருக்கும். தெருவில் அவளைக் காஜாக்காரி என்பார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ள மாட்டாள்.

கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் ஒரு பழக்கம். தம்பி வேலை முடிந்து வந்ததும் அவள் எதிரில் உட்கார்ந்து, அன்றைக்கு எந்தக் கட்டடத்தில் யார் மாட்டினார்கள், எப்படி வெளியே எடுத்தான் என்று கதை சொல்வான். வக்கீல் ஒருவர் உள்ளே மாட்டிக்கொண்டு, கம்பெனிமேல் கேஸ் போடுவேன், உன்மேலும் போடுவேன் என்று உள்ளேயிருந்தே சட்டம் பேசினாராம். “போடுங்க சார், கேஸ் போடறதுக்கு மொதல்ல வெளிய வரணுமில்ல, சுவத்தோரமா நில்லுங்க” என்று இவன் சொன்னானாம். காஜாக்காரி ஊசியைத் துணியில் குத்தி நிறுத்திவிட்டுச் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகத்தான் அவன் நாள் முழுக்கத் தொங்கினான் என்று சொன்னால் அது மிகையில்லை.

அவர்கள் மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனபோது தன் பழைய கம்ப்யூட்டரை இங்கேயே விட்டுப் போனாள். ஒரு தடவை வந்திருந்தபோது, “அம்மா, உன் கண்ணுக்கு ஏத்த வேலை ஒண்ணு இருக்கு. சம்பளம் மட்டும் கிடையாது” என்று சொல்லி அம்மாவை அதன் முன்னால் உட்கார வைத்தாள். மகள் ஊருக்குத் திரும்பிய பிறகும் அம்மா எழுந்திருக்கவில்லை.

அது என்ன வேலை என்று காஜாக்காரி எனக்கு ஒருநாள் விளக்கினாள்.

“நம்ம சூரியனைச் சுத்தி நம்ம உலகம் வர்ற மாதிரி, மத்த நட்சத்திரங்களைச் சுத்தியும் உலகங்கள் வருதாம் அக்கா. ரொம்ப ரொம்ப தூரம். அந்த உலகம் கண்ணுக்குத் தெரியாது, நட்சத்திரத்தோட வெளிச்சம்தான் தெரியும். அந்த வெளிச்சத்தை விடாம அளந்து புள்ளி புள்ளியாப் படம் போட்டு வெச்சிருக்காங்க. ஒரு உலகம் அதுக்குக் குறுக்க போச்சுன்னா வெளிச்சம் ஒரு துளி மங்கும். புள்ளி வரிசையில சின்னதா ஒரு பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தைக் கண்டுபிடிச்சுக் கோடு போட்டுக் காட்டணும். அவ்வளவுதான்.”

“அதை மெஷினே பாத்துடாதா?”

“பாக்குது. சிலதைக் கோட்டை விட்டுடுதாம். அதான் ஊர் ஊரா எங்களை மாதிரி ஆளுங்களைப் பாக்கச் சொல்றாங்க. ஒரே படத்தைப் பல பேர் பாப்போம். அதுல தண்ணி நிக்கற மாதிரி, ஆளு இருக்கற மாதிரி உலகம் ஏதாவது இருக்கான்னுதான் தேடறாங்க.”

எனக்குப் பாதிதான் புரிந்தது. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனாலும் அன்று காலை பிரார்த்தனையில் சொன்ன வானத்தையும் பூமியையும் படைத்தவர் என்ற வார்த்தை திடீரென்று பெரிதாகத் தெரிந்தது. பூமி என்று ஒன்றைத்தான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

தம்பிக்கு விஷயம் உறைத்தது ஒரு சாயங்காலத்தில். வழக்கம்போல அவன் கதை சொல்லிக்கொண்டிருக்கிறான். அவள் கம்ப்யூட்டரைப் பார்த்தபடி “ம்ம்” கொட்டுகிறாள். நான் காய் நறுக்கக் கத்தி வாங்கப் போனவள், கேட்டுக்கொண்டு நின்றேன்.

“கேக்கறியா?”

“ம்ம்.”

“என்ன சொன்னேன்?”

“லிஃப்ட் நின்னுடுச்சு.”

“அது தினமும்தான் நிக்குது. இன்னிக்கு உள்ள யாரு இருந்தா?”

அவள் திரும்பிப் பார்த்தாள். பாவம், சொல்லத் தெரியவில்லை. அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, “போ, உன் நட்சத்திரத்தையே கேளு, அது சொல்லும்” என்று உள்ளே போய்விட்டான்.

அதிலிருந்து அந்த வீட்டில் நட்சத்திரம் என்றால் சக்களத்தி என்று ஆகிவிட்டது. கம்ப்யூட்டருக்கு அவன் வைத்த பெயர் சனியன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது அவன் வழக்கை எடுத்தான்.

“அக்கா, நீயே நியாயம் சொல்லு. அங்கேருந்து வெளிச்சம் வந்து சேரவே நூத்துக்கணக்கான வருஷம் ஆகுதாம். மனுஷன் போய்ச் சேரணும்னா கேக்கவே வேண்டாம். எவன் போய்க் குடியிருக்கப் போறான்? இங்க இருக்கற வீட்டுல கூரை ஒழுகுது. அதைப் பாக்க ஆளில்ல.”

“கூரையைப் பாக்க வேண்டியது யாரு?” என்றாள் அவள்.

“பேச்சை மாத்தாதே. கண்டுபிடிச்சு என்ன பிரயோஜனம்? அதைச் சொல்லு.”

அவள் சோற்றைப் பிசைந்தபடியே சொன்னாள். “லிஃப்ட் பாதியில நின்னா நீங்க போனதும் மொதல்ல என்ன பண்ணுவீங்க? கதவைத் தட்டி, ‘உள்ள யாராவது இருக்கீங்களா’ன்னு கேப்பீங்கல்ல? கேக்காம ஸ்விட்சுல கை வைப்பீங்களா? அதான் இது. போய்க் குடியிருக்க இல்ல. யாராவது இருக்காங்களான்னு தட்டிப் பாக்கறது.”

“நான் தட்டினா பதில் வரும்டி. இதுக்கு வருமா?”

“எத்தனையோ தடவை காலி லிஃப்டையும் தட்டியிருக்கீங்க.”

அவன் என்னைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். “நீங்க சொல்லுங்க அக்கா, தேடறது தப்பா?”

“தப்புன்னா கடவுள் மறைச்சு வெச்சிருப்பாரே” என்றேன்.

“மறைச்சுத்தானே வெச்சிருக்கார்! அதனாலதானே கண்ணைக் கெடுத்துக்கிட்டுத் தேடறாங்க!” என்றான் தம்பி. நாங்கள் மூவருமே சிரித்துவிட்டோம். அதோடு போயிருந்தால் எழுதுவதற்கு ஒன்றும் இருந்திருக்காது.

வந்தது இன்னொரு வினை. இந்தப் படம் பார்க்கிறவர்களுக்கெல்லாம் தலைவர் மாதிரி ஒருவர் வேறு நகரத்தில் இருந்தார். ஓய்வு பெற்றவர், இதையே முழு நேரமும் செய்கிறவர். யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அவருக்கு எழுதிக் கேட்பார்கள். காஜாக்காரி அவரை மரியாதையாக சார் என்பாள். தம்பி பள்ளத்து ராஜா என்பான். நன்றாகப் பார்க்கிறவர்களைச் சேர்த்து அவர் கடைசிப் பார்வைக் குழு என்று ஒன்று வைத்திருந்தார். பல பேர் பார்த்துத் தேறி வந்த பள்ளங்களை இந்தக் குழு இன்னொரு முறை பார்த்துச் சொல்லும். அதில் காஜாக்காரியைச் சேர்த்துக்கொண்டார்.

தம்பிக்கு வாரத்தில் ஒரு வேலை நாள் லீவு. அன்று காலை அவள் எடுத்து முடித்த காஜாத் துணிகளைக் கோட்டுக் கடையில் கொடுத்துவிட்டு மத்தியானம்தான் திரும்புவாள். ஒரு லீவு நாளில் இவன் தனியாக இருந்தபோது சனியன் திறந்தே கிடந்தது. பள்ளத்து ராஜா அவளுக்கு என்னதான் எழுதுகிறான் என்று பார்த்தான். எல்லாம் படத்தைப் பற்றித்தான், ஒரு வார்த்தைகூடக் குறை சொல்ல முடியாது. ஆனால் கடைசியில் ஒரு வரி: “அம்மா, உங்கள் கண் தங்கக் கண்.”

அவனே பின்னால் என்னிடம் சொன்னான். அதைப் படித்ததும் காது மடல் வரைக்கும் சுட்டதாம். எழுந்து போய்த் தண்ணீர் குடித்தும் அடங்கவில்லையாம். மகளைப் பெற்று வளர்த்துக் கட்டிக்கொடுத்தாயிற்று. இத்தனை காலத்தில் அவள் கண்ணைப் பற்றித் தான் ஒரு வார்த்தை சொன்னதில்லையே என்பது அப்போதுதான் ஞாபகம் வந்ததாம். அதற்காக வெட்கப்பட்டிருக்கலாம். அவனுக்குக் கோபம்தான் வந்தது. யாரோ வந்து தன் வீட்டுப் பரணில் கிடந்ததை எடுத்துத் துடைத்து, என்ன பளபளப்பு என்று சொன்ன மாதிரி.

அந்தக் கோபத்தோடு நாற்காலியில் உட்கார்ந்தான். திரையில் ஒரு படம் காத்திருந்தது. ‘பள்ளம் இல்லை’ என்ற இடத்தை அமுக்கினான். அடுத்த படம் வந்தது. பார்க்காமலே அமுக்கினான். அடுத்தது. லிஃப்ட் பட்டனை அமுக்குகிற விரலாயிற்றே, சலிக்கவில்லை. போ, இல்லை, போ, இல்லை, உன் உலகமெல்லாம் இல்லை. அவள் வருகிற நேரம் வரைக்கும் வானத்தைக் காலி செய்துகொண்டிருந்தான். அதற்குப் பிறகு ஒவ்வொரு லீவு நாளும் இதுதான் வேலை.

ஒருநாள் அவன் அமுக்கிக்கொண்டிருந்தபோது நான் உள்ளே போய்விட்டேன். “என்னடா, நீயும் தேட ஆரம்பிச்சுட்டியா?” என்றேன். ஒரு கணம் விழித்தவன், “ஆமாக்கா. அவகிட்ட சொல்லிடாதே. பெருசா ஒரு உலகத்தைக் கண்டுபிடிச்சுட்டு நானே சொல்றேன்” என்றான். புருஷனும் பெண்டாட்டியும் ஒரு வழிக்கு வந்துவிட்டார்கள் என்று எனக்கு வாயெல்லாம் பல். அன்று கடவுளுக்கு நன்றி வேறு சொன்னேன்.

இவனுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. நிஜப் படங்களுக்கு நடுவே அவர்களாகவே செய்த பொய்ப் பள்ளங்களையும் கலந்து அனுப்புவார்களாம். பார்க்கிறவர்களின் கண் சரியாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள அது ஒரு பரீட்சை. கண்டுபிடித்தால் மதிப்பெண் ஏறும். விட்டால் இறங்கும். காஜாக்காரியின் பெயரில் இவன் எல்லாவற்றையும் இல்லை இல்லை என்று தள்ளியதில் அவள் மதிப்பெண் தடதடவென்று கீழே வந்தது.

பள்ளத்து ராஜா எழுதினார். ரொம்பப் பதவிசாகத்தான் எழுதியிருந்தார். சில வாரங்களாகத் தெளிவான பள்ளங்களைக் கூட நீங்கள் விட்டுவிடுகிறீர்கள், வயதானால் எல்லோருக்கும் வருவதுதான், கண்ணுக்கு ஓய்வு கொடுங்கள், கடைசிப் பார்வைக் குழுவிலிருந்து இப்போதைக்கு உங்கள் பெயரை எடுத்து வைக்கிறோம் என்று.

அவள் படியிறங்கி நேராக என்னிடம்தான் வந்தாள். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “அக்கா, என் கண்ணு போச்சு.”

எனக்கு அப்போது எதுவும் உறைக்கவில்லை. அவளை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன்.

“எனக்கு நல்லாத் தெரியற மாதிரியேதான் இருக்கு” என்றாள். “அதுதான் பயமா இருக்கு. தெரியலைன்னு தெரிஞ்சாப் பரவாயில்ல. தெரியாம இருக்கறதே எனக்குத் தெரியலையே.”

மறுநாள் அவளைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போனேன். வயசுக்கு ரொம்ப நல்ல கண், கண்ணாடியைக் கூட மாற்ற வேண்டாம் என்றார் அவர். வெளியே வந்ததும் இவள் என் காதில், “அவரு தோசைக்கல்லு சைசுல எழுத்தைக் காட்டிப் படிக்கச் சொல்றார். நட்சத்திரம் அப்படியா இருக்கு?” என்றாள். அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை.

கம்ப்யூட்டர்மேல் பழைய துப்பட்டா ஒன்றைப் போட்டு மூடினாள். அதோடு நின்றிருந்தால்கூடத் தேவலை. எடுத்து முடித்த காஜாக்களைப் பிரிக்க ஆரம்பித்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள், விரலால் தடவுவாள், கோணலாக இருக்கிறது என்பாள், கத்தரியை எடுப்பாள். நான் பார்த்தால் நூல் பிடித்த மாதிரி நேராகத்தான் இருக்கும். சொன்னால் நம்ப மாட்டாள். கோட்டுக் கடைக்காரர் பட்டு நூல் வேலை ஒன்றைக் கொடுத்தபோது, “இதெல்லாம் இனிமே என் கையில கொடுக்காதீங்கண்ணா, துணி பாழாயிடும்” என்று திருப்பிவிட்டாள். அவர் திகைத்துப் போனார்.

ஒரு தடவை பேச்சோடு பேச்சாக அவள் சொன்னாள். “அந்தத் தேடல் உபயோகமா இல்லையான்னு எனக்குத் தெரியாது அக்கா. அவரு கேக்கறப்பல்லாம் ஏதோ வாய்க்கு வந்ததைச் சொல்லுவேன். காஜா எடுத்தாக் கோட்டுப் போடறவருக்கு உபயோகம். சமைச்சாச் சாப்பிடறவருக்கு. யாருக்குன்னே தெரியாம நான் செஞ்சது இது ஒண்ணுதான். அதனாலயோ என்னவோ, ரொம்பப் பிடிச்சிருந்தது.”

தம்பி கேட்டது அவனுக்குக் கிடைத்துவிட்டது. சாயங்காலம் வந்து எதிரில் உட்கார்ந்தால் காஜாக்காரி முழுசாக அவனுடையவள். முதலில் சில நாள் புது மாப்பிள்ளை மாதிரித்தான் திரிந்தான். என் வாசலில் தண்ணீர் குடிக்கக்கூட நிற்காமல் தாவித் தாவிப் படியேறினான். கதைகளை நீட்டிச் சொன்னான், குரலை மாற்றி நடித்துக் காட்டினான். அவள் கேட்டாள். யார் மாட்டினார்கள், எந்தக் கட்டடம் என்று திருப்பிக் கேட்டால் ஒன்று விடாமல் சொன்னாள். ஆனால் சிரிப்பு வரவேண்டிய இடத்தில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கதை முடிந்ததும் ஊசியையும் நூலையும் அவனிடம் நீட்டி, “கொஞ்சம் கோத்துக் கொடுங்க, உங்களுக்குக் கண்ணு நல்லாருக்கு” என்றாள். கடைத்தெருவுக்குப் போனால் படி தெரியாது என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவள் வெளியில் அவன் கையைப் பிடித்துக்கொண்டு நடக்க மாட்டாளா என்று ஏங்கியவன்தான் அவன். இப்போது அந்தக் கை அவன் முழங்கையில் இருந்தது, இவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அந்த நிலைமையிலும் பொறாமை அவனை விட்டபாடில்லை. அம்மாவுக்கு உடம்பு எப்படியிருக்கிறது என்று பள்ளத்து ராஜா மகளுக்கு எழுதிக் கேட்டதை அவள் போனில் படித்துச் சொன்னாளாம். “அவனுக்கு என்ன அக்கறை” என்று இவன் என்னிடம் வந்து பொருமினான். பொருமிக்கொண்டே இருந்தவன் சட்டென்று நின்றான். என் சமையலறை வாசற்படியில் உட்கார்ந்தான்.

“அக்கா, கோட்டுக் கடையில நாளைக்கு சொல்லப் போறாளாம். இனிமே வேலையே வேண்டாம், வேற ஆளு பாத்துக்கங்கன்னு.”

“தெரியும். என்கிட்டயும் சொன்னா.”

“அவ கண்ணுக்கு ஒண்ணும் இல்லக்கா.”

“டாக்டரும் அதைத்தான்...”

“டாக்டர் சொன்னதை விடு. நான்தான். நான்தான் எல்லாத்தையும் இல்லை இல்லைன்னு அமுக்கினேன்.”

எனக்குக் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. அன்று நான் கடவுளுக்குச் சொன்ன நன்றி நினைவுக்கு வந்தது. அவர் என்னைப் பார்த்துச் சிரித்திருப்பார். அவன் ஒன்று விடாமல் சொன்னான். தங்கக் கண், காது சுட்டது, காலி செய்த வானம், எல்லாம். சொல்லி முடித்துவிட்டு, “நீ போய் அவகிட்ட பக்குவமா சொல்லேன்” என்றான்.

“நான் கூட வர்றேன். வாயைத் திறக்க மாட்டேன்” என்றேன்.

மாடிக்குப் போனோம். அவள் ஜன்னலடியில் உட்கார்ந்து ஒரு காஜாவைப் பிரித்துக்கொண்டிருந்தாள். இவன் எதிரில் உட்கார்ந்தான். பழக்க தோஷம், “இன்னிக்கு ஒரு கட்டடத்துல...” என்று ஆரம்பித்தான்.

“அக்காவையும் கூட்டிக்கிட்டு வந்து லிஃப்ட் கதையா?” என்றாள். “என்ன விஷயம், சுருக்கமாச் சொல்லுங்க.”

சொன்னான். அவன் சொல்லச் சொல்ல அவள் கத்தரியை மெதுவாகக் கீழே வைத்தாள்.

“எல்லாமே நீங்கதானா?”

“லீவு நாளெல்லாம்.”

“நான் பாத்தது எதுவும் தப்பில்லையா?”

“இல்ல.”

“அப்ப என் கண்ணு நல்லாத்தான் இருக்கா?”

“நல்லாத்தான் இருக்கு” என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு.

அவள் ‘ஹா’ என்று ஒரு மூச்சு விட்டாள். முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு சிரித்தாள். நானும் அப்பாடா என்று மூச்சு விட்டேன். கையை எடுத்தபோது சிரிப்பு இல்லை.

“எத்தனை காஜாவைப் பிரிச்சேன் தெரியுமா? ஒவ்வொண்ணையும் பாத்துக்கிட்டுத்தானே உக்காந்திருந்தீங்க? ஊசி கோத்துக் கொடுத்தீங்களே, அப்பக்கூட வாயில கொழுக்கட்டையா?”

“நீ என்கிட்ட பேசிக்கிட்டிருந்தே. அது... நல்லா இருந்தது” என்றான்.

அவன் வாழ்நாளிலேயே சொன்ன மோசமான பதில் அதுதான் என்று நினைத்தேன். ஆனால் பொய்யில்லை. அவள் எழுந்து, துப்பட்டாவை உருவிக் கம்ப்யூட்டரைத் திறந்தாள். “சார்கிட்ட நீங்களே சொல்லுங்க. இப்பவே. முகத்தைப் பாத்து.”

“எழுதிப் போட்டா...”

“முகத்தைப் பாத்து.”

அவள் கூப்பிட்டதும் திரையில் பள்ளத்து ராஜா வந்தார். மத்தியானத் தூக்கத்திலிருந்து எழுந்தவர் போலிருந்தது. ஒல்லியான மனிதர், தலைமுடியைத் தண்ணீர் தொட்டுப் படிய வாரியிருந்தார். தம்பி அவரை ஏற இறங்கப் பார்த்ததை நான் பார்த்தேன். முடி அடர்த்தியாக இருந்ததில் அவனுக்கு வருத்தம்தான். இருந்தாலும் விஷயத்தைச் சொல்லி முடித்தான்.

அவர் திட்டவில்லை. “அந்த நாட்கள்ல வந்ததை எல்லாம் எடுத்துடறோம். வேற ஆளுங்களும் அதைப் பாத்திருப்பாங்க. ஒண்ணும் கெட்டுப்போகல” என்றார்.

தம்பிக்கு அது அடி. அவ்வளவு வன்மமாகக் காலி செய்த வானத்தில் ஒரு நட்சத்திரம்கூட அசையவில்லை. அவமானத்தை மறைக்க, “ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. இதனால என்ன பிரயோஜனம்?” என்றான்.

அவர் பெரிதாக ஏதோ சொல்லப் போகிறார் என்று நானும் காதைத் தீட்டிக்கொண்டேன். அவர் கன்னத்தைச் சொறிந்தார். “தெரியலங்க. எங்க வீட்டுலயும் தினமும் இதையேதான் கேக்கறாங்க. ஒரு நாள் ஒரு பதில் சொல்லுவேன். மறுநாள் அது எனக்கே பிடிக்காது. தேடறதை மட்டும் விட முடியல.”

“உங்க வீட்டுல யாரு கேக்கறது?”

“என் மனைவிதான்.”

“மனைவி இருக்காங்களா!” என்றான் தம்பி. அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை என்ன சொல்ல! நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான். “அவங்களுக்கும் கோபம் வருமா?”

“வராம? நேத்து என் கண்ணாடியை ஒளிச்சு வெச்சுட்டாங்க.”

இருவரும் சிரித்தார்கள். எல்லாம் சுமுகமாக முடிந்தது என்று நினைக்கும்போது அந்த மனிதர் சும்மா இருக்காமல், “அம்மா மறுபடி வரணும். அவங்க கண்ணு மாதிரி...” என்று தொடங்கினார்.

“அவ கண்ணைப் பத்தி நீங்க பேச வேண்டாம் சார்” என்றான் தம்பி, சிரிப்பை அப்படியே துடைத்துப் போட்டுவிட்டு. “அதை நான் பேசிக்கறேன்.”

அவர் விழித்தார். காஜாக்காரி கையைக் கட்டிக்கொண்டு இவன் பக்கம் திரும்பினாள்.

“பேசுங்க” என்றாள். “எத்தனையோ வருஷமாக் காத்துக்கிட்டிருக்கேன். பேசுங்க, கேப்போம்.”

அவன் மாட்டிக்கொண்டான். மேலும் போக முடியவில்லை, கீழும் இறங்க முடியவில்லை. திரையில் அவர், எதிரில் அவள், ஓரத்தில் நான். நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

“லிஃப்டைத் தூக்கற கம்பிவடம் இருக்கில்ல” என்றான் கடைசியில். “மெல்லிசு மெல்லிசாக் கம்பியைப் பின்னிப் பண்ணியிருப்பாங்க. அதுல ஒரு இழை அறுந்திருந்தாலும் ஆபத்து. டார்ச் அடிச்சுக்கிட்டு நாங்க நாலு பேர் மாத்தி மாத்திப் பாப்போம். அப்பவும் எனக்கு பயமா இருக்கும், எதையாவது விட்டிருப்போமோன்னு. இவ ஒருத்தி பாத்து இல்லைன்னு சொன்னா நான் கண்ணை மூடிக்கிட்டு அதுல தொங்குவேன்.”

காஜாக்காரி மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரையைப் பார்த்து, “படத்தை அனுப்புங்க சார், பாக்கறேன்” என்றாள். தம்பி அவர் போகிற வரைக்கும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

பொறாமை போய்விட்டதா என்று கேட்டால், பிறவிக் குணம் எங்கே போகும்? அவளும் சும்மா விடவில்லை. பிரித்த காஜாக்களுக்குத் தண்டனையாகத் துணியையெல்லாம் அவனே கடைக்குச் சுமந்து போய்க் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னாள். சுமக்கிறான். கம்பெனியில் கேட்டு ஷிப்டையும் மாற்றிக்கொண்டான், அவள் படம் பார்க்கிற நேரத்தில் வீட்டில் இருப்பதற்காக. காவலுக்கா துணைக்கா என்று நான் கேட்கவில்லை.

போன வாரம் படியிறங்கி வந்தவன் என் வாசலில் நின்றான். முகத்தில் ஒரு வெற்றி.

“இன்னிக்கு ஒரு பள்ளம் பாத்தா அக்கா. நல்ல பள்ளம். ரெண்டு தடவை விழுந்திருக்கு, ஒரே மாதிரி. நானும் பாத்தேன்.”

“அங்க ஆளு இருக்குமாடா?”

“அதெல்லாம் யாருக்குத் தெரியும். இருந்தா இருக்கும், இல்லாட்டி கல்லும் மண்ணுமாக் கிடக்கும்” என்றவன், குரலைத் தாழ்த்திக்கொண்டான். “பள்ளத்து ராஜா ஊர்ல இல்லையாம். நாளைக்குத்தான் பாப்பார். நான் இன்னிக்கே பாத்துட்டேன்.”